பால்கனி நேயர்

அத்தியாயம் 17

ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்து, அதில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை என்றால், மூன்றாவது ஆளின் பாடு திண்டாட்டம்தான். "சாப்பிட வரச் சொல்லுங்கக்கா" என்று அடுக்களையில் வாங்கிக் கூடத்தில் கொடுக்க வேண்டும். "பசிக்கலைன்னு சொல்லிடு" என்று கூடத்தில் வாங்கி மறுபடி அடுக்களையில் சேர்க்க வேண்டும். பெரியக்கா முப்பத்துமூன்று நாளாக இந்தத் தபால்காரி உத்தியோகத்தைப் பார்த்துவருகிறாள்.

இன்று காலை அடுக்களையிலிருந்து வந்த தபால் கொஞ்சம் கனம்.

"சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸுக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிடுங்க. எப்ப வருவேன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்க."

சொன்னவள் தம்பி மனைவி. பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்து, நாளெல்லாம் போன் எடுக்கிறவள்.

கூடத்தில் தம்பி ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் எல்லாம், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று மணிக்கணக்கில் பேசிப் பழக்கப்பட்டவன். வீட்டில்தான் அந்தப் பொறுமை செல்லுபடியாகவில்லை.

"போகட்டும்," என்றான். "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

அந்தப் பழமொழி போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் பெரியக்காவின் நெஞ்சில் போய்க் குத்தியது.

முன்கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி. இந்த வீட்டுக்கு இன்னொரு தம்பி உண்டு. கடைக்குட்டி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குடித்துவிட்டு வந்தான். "தெளிஞ்சதுக்கப்புறம் வாங்க" என்று அண்ணி வாசலிலேயே நிறுத்தினாள். போனவன் தெளிந்த பிறகும் வரவில்லை. முப்பத்தாறு நாளுக்கு முன்னால், பஸ் மாறுவதற்காக இந்த ஊரில் இறங்கியவன், பஸ் நிலையத்துப் போன் பெட்டியிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான். சாயங்காலம் ஆறேகாலுக்கும் ஏழுக்கும் நடுவில், ஏழு தடவை. யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள், அனுப்பியவர் முகவரி இல்லாத ஒரு கார்டு வந்தது. "ஏழாம் தேதி ஆறேகால்லேருந்து ஏழு வரைக்கும் ஏழு தடவை கூப்பிட்டேன். மூணு பேர் இருக்கற வீடு. புரிஞ்சுபோச்சு. இனிமே தொந்தரவு பண்ண மாட்டேன்."

அன்றைக்குத் தம்பி வேலைக்குப் போயிருந்தான். தம்பி மனைவி காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கூடத்து சோபாவில் படுத்திருந்தாள். போன் அவள் தலைமாட்டில்.

"சத்தியமா அடிக்கலைங்க," என்றாள்.

"ஏழு தடவை அடிச்ச போன் உனக்கு மட்டும் கேக்கலையா? அவனாத்தான் இருக்கும்னு வேணும்னே எடுக்காம விட்டிருப்பே," என்றான் தம்பி. அதுதான் அவளிடம் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

போன் அடிக்கவில்லை என்பது சத்தியமான வார்த்தை. அது சத்தியம் என்று தெரிந்த இன்னொரு ஜீவன் அந்த வீட்டிலேயே இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தபால் கொடுத்துக்கொண்டிருந்தது.

பெரியக்காவுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஆசை சிற்றலை ரேடியோ. துணி மில்லில் முப்பது வருஷம் குறை பார்க்கிற வேலை செய்தவள். இழை விட்டுப்போன இடத்தைச் சாக்பீஸால் சுழித்துச் சுழித்தே இரண்டு தம்பிகளையும் படிக்கவைத்தாள். தனக்கென்று வாங்கிக்கொண்டது ரேடியோக்கள் மட்டும்தான். பால்கனியில் நாற்காலி போட்டு, துணிக்கொடியில் ஏரியல் கம்பியை மாட்டி, கடலுக்கு அப்பால் எங்கிருந்தோ தமிழில் பேசுகிற ஒரு நிலையத்தைப் பிடித்துவிட்டால், அவளுக்கு அன்றைக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சிற்றலை என்பது பொல்லாத சமாசாரம். வீட்டில் மின்சாரம் குடிக்கிற எந்தச் சாமானும் அதன் காதில் உறுமும். அன்றைக்கு நிலையம் இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்று வந்துகொண்டிருந்தது. டியூப்லைட்டை அணைத்தாள். டிவி பிளக்கை எடுத்தாள். அப்படியும் ஒரு ரீங்காரம் போகவில்லை. கூடத்துப் போன், கையில் தூக்கிக்கொண்டு நடந்து பேசுகிற புது மாதிரி. அதன் பீடத்துக்கு மின்சாரம் போகிற பிளக்தான் உறுமியது. தூங்குகிறவளை எழுப்பாமல் பூனை மாதிரி போய், அதையும் பிடுங்கினாள். மணி ஆறேகால். நிகழ்ச்சி முடிந்து ஏழு மணிக்கு மறுபடி சொருகினாள்.

பிளக் இல்லாவிட்டால் வீட்டில் போன் மூச்சுவிடாது. ஆனால் கூப்பிடுகிறவன் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

கார்டு வந்த நிமிஷமே பெரியக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் தம்பி கத்த ஆரம்பித்திருந்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு என்பது முப்பத்துமூன்று நாளாகிவிட்டது.

"அக்கா, நீ கிளம்பு," என்றான் தம்பி. "இன்னிக்கு லீவ் போட்டிருக்கேன். உன் பழைய ரேடியோ இருமிட்டே இருக்கு. புதுசு வாங்கலாம் வா."

பெண்டாட்டி பெட்டி கட்டுகிற வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்புகிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் பெரியக்கா செருப்பைப் போட்டுக்கொண்டாள். புது ரேடியோ என்றதும் அவளுடைய கால்கள் அவளைக் கேட்கவில்லை.

*

ரேடியோக் கடைக்காரருக்குக் கரகரப்பு என்று பெயர். தொண்டை அப்படி. இவளைப் பார்த்ததும் எழுந்துபோய்க் கடை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

"மத்தவங்க வந்தா எல்லா லைட்டையும் போடுன்னுவாங்க. அக்கா வந்தா அணைக்கணும்," என்றார் தம்பியிடம். "பாட்டரி கூட என்னுதை நம்ப மாட்டாங்க. வீட்லேருந்து கொண்டுவருவாங்க பாருங்க."

பெரியக்கா ஏற்கெனவே கைப்பையிலிருந்து நாலு பாட்டரியை எடுத்து வைத்திருந்தாள்.

இரண்டு ரேடியோக்களில் வந்து நின்றது விஷயம். ஒன்று முள் வைத்தது. செங்கல் கனம், பெரிய ஒலிபெருக்கி, குரல் வெல்லமாக வந்தது. இன்னொன்று நோட்டுப் புத்தகம் அளவு. முள் இல்லை, எண்கள்தான் ஓடின.

தம்பி பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தான். பெரியக்கா பொத்தானைப் பார்க்கவில்லை. அருகருகே இருக்கிற இரண்டு நிலையங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். ரேடியோவின் குணம் அங்கேதான் தெரியும். பலமான நிலையத்தை எந்தத் தகர டப்பாவும் பிடிக்கும். பலவீனமானதைப் பக்கத்து வீட்டுக்காரன் மிதிக்காமல் காப்பாற்றிக் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் பகல் பதினொரு மணிக்கு, சிற்றலை பாதித் தூக்கத்தில் இருக்கிற நேரத்தில்.

முள் ரேடியோவில் ஒரு மனிதக் குரலும் அதன் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு பாட்டும் வந்தன. எண் ரேடியோவில் பாட்டு விலகி, குரல் மட்டும் நின்றது. பெரியக்கா ஏரியலைக் கொஞ்சம் சாய்த்தாள். தன் உடம்பைக் கொஞ்சம் ஒதுக்கினாள்.

"அந்த ஆளுக்கு ஜலதோஷம்," என்றாள் சந்தோஷமாக.

கரகரப்பு சிரித்தார். "முள்ளு வச்சது மனசுக்கு இதமா இருக்கும்க்கா. சத்தத்தைக் கொஞ்சம் மழுப்பித் தரும். இது மழுப்பாது. ஒரு வார்த்தை விடாது. யோசிச்சுக்கோங்க."

"மழுப்பறது எனக்கு வேண்டாம்," என்றாள். சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டரியைக் கழற்றினாள்.

"எங்க அக்கா அப்படித்தான் சார்," என்றான் தம்பி பெருமையாக. "எங்க வீட்ல பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள்."

அதிலும் பாதி உண்மை இருந்தது. நிலையங்களுக்கு எழுதுகிற கடிதத்தில் பெரியக்கா ஒரு எழுத்துக்கூடப் பொய் எழுதியதில்லை. சிற்றலை கேட்கிறவர்களின் கட்டுப்பாடு அது. கேட்ட தேதி, எல்லா நாட்டுக்கும் பொதுவான உலக நேரம், அலைவரிசை எண், குறுக்கே என்ன சத்தம், அதை எப்படிப் போக்கினோம், எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். நிலையத்தார் சரிபார்த்து, "ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்" என்று ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். நூற்றுப் பதினாலு அட்டைகள் வைத்திருந்தாள். முகம் தெரியாதவர்களிடம் அவ்வளவு நேர்மை! வீட்டில் இருக்கிறவளுக்கு ஒரு வரி உண்மை சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஆரம்பித்தாள்.

"டேய், அன்னிக்கு அந்தப் போன்..."

"அந்தப் பேச்சை எடுக்காதே. அவளுக்காக நீ வக்காலத்து வாங்குவேன்னு தெரியும். உன் நல்ல மனசு அப்படி."

பெரியக்கா வாயை மூடிக்கொண்டாள். தம்பி தடுத்துவிட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவன் தடுப்பான் என்று தெரிந்துதானே எடுத்தாள்? அதையும் நாம் சொல்லித்தான் ஆகவேண்டும்.

*

சாயங்காலம் ஆறு மணி. உள்ளே பெட்டியின் ஜிப்பு இழுபடுகிற சத்தம் கேட்டது.

தம்பி பால்கனியில் அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். "ஹெட்போன் வேண்டாம். நானும் கேக்கறேன், போடு. உன் ஸ்டேஷனைப் பிடி."

வியாழக்கிழமை. நேயர் கடிதம் வாசிக்கிற நாள். பெரியக்காவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த ஏழாம் தேதிக்கு மறுநாளே, கார்டு வருவதற்கு முன்பே, வழக்கம்போல ஒரு கடிதம் எழுதியிருந்தாள். கிளினிக்குக்குப் போகிற வழியில் அதைத் தபாலில் போட்டவளே தம்பி மனைவிதான். ஆனால் என்ன? பதினோரு வருஷமாக எழுதுகிறாள். அட்டை வரும், ஒரு தடவைகூடக் கடிதத்தை வாசித்ததில்லை. இன்றைக்குத்தானா வாசிக்கப்போகிறார்கள்?

எண்ணைத் தட்டினாள். பழைய ரேடியோவில் மழைக்கு நடுவே பேசுவதுபோல வருகிற குரல், இன்று எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல வந்தது. போன் பிளக்கைப் பிடுங்காமலே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் பெரியக்கா எல்லாவற்றையும் மறந்தாள்.

"இந்த வாரம் ஒரு சுவையான கடிதம். 'பால்கனி நேயர்' என்ற புனைபெயரில் நீண்ட நாளாக எழுதிவருகிற ஓர் அன்பர்..."

"டேய்! நான்தான்டா அது! என் கடிதம்டா!"

கை தானாகப் போய் ஒலியைக் கூட்டியது. பதினோரு வருஷத்துப் பசி அந்தக் கைக்கு. அவள் போட்ட கூச்சலில் தம்பி மனைவி பால்கனி வாசலுக்கு ஓடிவந்தாள். கையில் பெட்டியோடு வந்தவளின் முகத்தில் ஒரு மாதம் கழித்துக் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது.

"அவர் எழுதுகிறார்: 'குழல்விளக்கை அணைத்தேன். தொலைக்காட்சி இணைப்பை எடுத்தேன். அப்படியும் ரீங்காரம் போகவில்லை. கடைசியில் கூடத்தில் இருந்த தொலைபேசியின் இணைப்பையும் பிடுங்கினேன். பிறகு, ஏழாம் தேதி, உலக நேரம் பத்தே காலிலிருந்து பதினொன்று வரை, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.' பார்த்தீர்களா, எங்களுக்காகத் தொலைபேசியையே துறந்த நேயர்!"

"அந்த நேரத்தில் யாராவது அவரைக் கூப்பிட்டிருந்தால்?" என்று கேட்டது கூட இருந்த ஆண் குரல்.

"வேண்டியவராக இருந்தால் மறுபடி கூப்பிடுவார்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு துல்லியமாகக் கேட்டது.

தம்பி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். உலக நேரம் அவனுக்குப் பிடிபடாது. தம்பி மனைவிக்குப் பிடிபடும். பெரியக்காவின் அறையில் உலக நேரம் காட்டுகிற கடிகாரத்துக்குப் பாட்டரி மாற்றுகிறவளே அவள்தான். விரலை மடக்கினாள்.

"பத்தே கால். நம்ம ஊர் நேரத்துக்கு எட்டைக் கூட்டினா ஆறேகால். ஏழாம் தேதி." தலையை நிமிர்த்தினாள். "என் தலைமாட்டுல வந்தா பிடுங்கினீங்க, அக்கா?"

"ஆமா."

"கார்டு வந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

பெரியக்காவுக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரேடியோ அடுத்த கடிதத்தை ஆரம்பித்திருந்தது. தம்பி எட்டி அதை அணைத்தான். அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். இப்போது கத்தப்போகிறான், கத்தட்டும் என்று காத்திருந்தாள்.

"அக்கா என்ன வேணும்னேவா செஞ்சா?" என்றான் அவன். "தெரியாம நடந்துபோச்சு. பயத்துல சொல்லாம விட்டிருக்கா." பிறகு மனைவி பக்கம் திரும்பினான். "சரி, விடு. நீ சொன்னது நிஜம்தான். பெட்டியை உள்ளே வை."

தம்பி மனைவி பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"முப்பத்துமூணு நாள் கழிச்சு என்கிட்டப் பேசற முதல் பேச்சு 'விடு'. அக்காவை நம்பறதுக்கு உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலை. 'வேணும்னேவா செஞ்சா'ன்னு என்னைப் பத்தி ஒரு நாள், ஒரே ஒரு நாள் யோசிச்சீங்களா?"

"அதான் நிஜம்னு சொல்லிட்டேனே!"

"நீங்க சொல்லலை. ரேடியோ சொல்லுச்சு." பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. போன வாரம் கிளினிக்குக்கு உங்க தம்பி போன் பண்ணினார்."

தம்பி ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "யாரு? கடைக்குட்டியா?"

"'அன்னிக்கு ஏன் அண்ணி யாரும் எடுக்கலை?'ன்னு கேட்டார். போன் அடிக்கவே இல்லைன்னேன். 'அப்ப ஏதாவது கோளாறா இருக்கும்'ன்னார். அவ்வளவுதான். ஆறு வருஷமா என்மேல கோபமா இருந்தவர். ஒரு வார்த்தையில நம்பிட்டார்."

"நம்பர் குடுத்தானா? ஒரு வாரமா ஏன் சொல்லலை?"

"யார்கிட்டச் சொல்லியிருக்கணும்?"

தம்பி கையை நீட்டினான்.

"நம்பர் உங்களுக்கு இல்லை," என்றாள் அவள். "அக்காவுக்குத் தரேன். என்ன நடந்துச்சுன்னு அவங்க வாயாலேயே அவர்கிட்டச் சொல்றதா இருந்தா மட்டும். பஸ் ஸ்டாப்புல இருப்பேன்."

படியிறங்குகிற சத்தம் ஒவ்வொரு மாடியாகக் கேட்டுக் குறைந்தது.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "நீ போய் நம்பரை மட்டும் வாங்கிட்டு வந்துடு. அவன்தான் கோளாறுன்னு நம்பிட்டானே. அப்படியே இருக்கட்டும். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

இவனா உண்மைக்காக ஒருத்தியை முப்பத்துமூன்று நாள் பேச்சுப் பட்டினி போட்டவன்? அவனை வளர்த்தவளும் பெரியக்காதான்.

"ஒரு வார்த்தை திட்டுடா என்னை," என்றாள்.

"உன்னைப் போய் எப்படிக்கா?"

அதற்குமேல் அவள் நிற்கவில்லை.

*

பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு போன் பெட்டி இருந்தது. மூச்சு வாங்க வந்து நின்ற பெரியக்காவிடம் தம்பி மனைவி ஒரு துண்டுக் காகிதத்தையும் சில்லறையையும் நீட்டினாள்.

"நாளைக்குன்னு சொல்லாதீங்க அக்கா. இப்பவே. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

பெரியக்கா எண்களைச் சுழற்றினாள். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"அலோ?"

ஆறு வருஷம் கழித்துக் கேட்கிற குரல். கொஞ்சம் தடித்திருந்தது.

"நான்தான்டா."

"அக்காவா? அக்கா! போன் கோளாறு சரியாயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிள்ளை தானாகவே எடுத்துக் கையில் கொடுக்கிறான். போன் பெட்டியின் கண்ணாடிக்கு வெளியே, காதில் விழுகிற தூரத்தில், தம்பி மனைவி இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கோளாறு போன்ல இல்லைடா," என்றாள் பெரியக்கா. "நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். ரேடியோ கேக்கறதுக்காக. அப்புறம் தெரிஞ்சும் ஒரு மாசம் வாயைத் திறக்கலை. உங்க அண்ணிமேல பழி விழட்டும்னு சும்மா இருந்தேன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

"கேக்குதாடா?"

பதில் வரவில்லை. வைத்துவிட்டானா, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தாள். பஸ் வந்து நின்றிருந்தது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டாள், ஏறிவிட்டாள்.